நானே பிரேக் மாற்றுகிறேன்

கார் வைத்திருப்பவர்களில் ஓட்டுகிறவர்கள் உண்டு, துடைக்கிறவர்கள் உண்டு, வாங்கிய மறுநாளே விற்க ஆள் தேடுகிறவர்களும் உண்டு. இவர்கள் யாரோடும் சேராத இன்னொரு இனம் இருக்கிறது. கழற்றுகிறவர்கள். "வெளிய குடுத்தா ஒழுங்கா செய்ய மாட்டாங்க" என்ற ஒரே வாக்கியத்தை வைத்து இவர்களை நீங்கள் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். யார் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள்? முப்பது வருஷமாக அதையே தொழிலாகச் செய்கிறவர்கள். அப்படியானால் யார் ஒழுங்காகச் செய்வார்? முந்தாநாள் காணொளி பார்த்தவர்.

எங்கள் தெருவில் இந்த இனத்துக்கு அப்பழுக்கில்லாத மாதிரியாக ஒருவர் இருக்கிறார். பல் மருத்துவர். நல்ல கைராசிக்காரர், பல்லைப் பிடுங்கியதே தெரியாது என்பார்கள். அவரிடம் இரண்டே கதவு உள்ள, தரையைத் தடவிக்கொண்டு போகிற, சிவப்பு நிற வேகக் கார் ஒன்று இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து ஐந்து வினாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்பார். எங்கள் தெருவில் ஐந்து வினாடிக்கு ஒரு வேகத்தடை.

ஒரு மாதமாக அந்தக் கார் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தியது. டாக்டர் குனிந்து பார்த்தார். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டும், அதை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்தும் பேடுகளும் தேய்ந்து போயிருந்தன.

"டிஸ்க் போயிடுச்சா?" என்று கேட்டார் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"டிஸ்க் இல்லம்மா, ரோட்டர்."

இது இந்த இனத்தின் இரண்டாவது அடையாளம். நீங்கள் டிஸ்க் என்றால் ரோட்டர் என்பார்கள். நீங்கள் பழகிக்கொண்டு ரோட்டர் என்றால், "சாதா ரோட்டர் இல்ல, துளை போட்டது" என்பார்கள். என்ன சொன்னாலும் ஒரு படி கீழேதான் நிற்பீர்கள்.

"எதுவா இருந்தா என்னங்க, மெக்கானிக்கிட்ட விடுங்க. இது வண்டி நிக்கிற சமாச்சாரம்."

"அதனாலதான் நானே செய்றேன்."

இதற்குக் கணக்கில் பதில் இல்லை. டீச்சர் விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்கியது. இரண்டு மணி நேரம் என்றார். கழற்றுகிறவர்களிடம் எந்த வேலையைக் கேட்டாலும் இரண்டு மணி நேரம்தான். குழாய்க்கு வாஷர் மாற்றவும் அதுதான், வீட்டையே பிரித்துக் கட்டவும் அதுதான். ஷெட்டில் வீட்டின் புதுக் குளியல் துண்டு விரிக்கப்பட்டு, அதன்மேல் ஸ்பானர்கள் சிறியதிலிருந்து பெரியதாக, கிளினிக்கில் கருவிகள் அடுக்குவதுபோல் அடுக்கப்பட்டன. கையுறை மாட்டிக்கொண்டார். முகக்கவசமும். காருக்கு மயக்க ஊசி போடாததுதான் பாக்கி.

ஜாக்கி வைத்து முதல் சக்கரத்தைக் கழற்றினார். பழைய தட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினார், ஆட்டினார், எண்ணெய் விட்டுக் காத்திருந்தார், மறுபடி தட்டினார். முரண்டு பிடிக்கும் கடைவாய்ப் பல் அவருக்குப் புதிதல்ல. ஆனால் பல் இவ்வளவு சத்தம் போட்டதில்லை. பக்கத்து வீட்டு மதில்மேல் ஒரு தலை தெரிந்தது. ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். தெருவில் அவருக்கு ரயில்காரர் என்றே பெயர்.

"என்ன டாக்டரே, வலிக்குதாமா?"

"பிரேக் மாத்துறேங்க. ரொம்ப சுலபம். நீங்க பாக்காத பிரேக்கா?"

"முப்பத்தெட்டு வருஷம் பிரேக் போட்டிருக்கேன்," என்றார் ரயில்காரர். "ஒரு நாளும் கழட்டிப் பாத்ததில்ல. போட்டா நின்னுச்சு, அது போதும்னு விட்டுட்டேன்."

முதல் சக்கரம் முடியும்போது மணி பன்னிரண்டரை. நடுநடுவே டீச்சரை அழைத்து, "இங்க பாரு, இதுதான் பேடை அழுத்துற பிஸ்டன், இதை உள்ள தள்ளினாதான் புது பேடு உக்காரும்" என்று பாடம் எடுத்தார். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளோடு வந்து நின்ற டீச்சர், மூன்று பக்கம் கணக்குப் போட்டுவிட்டுத் தப்பான விடைக்கு வரப்போகிற மாணவனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்.

நாலு சக்கரமும் முடிந்தபோது மாலை ஐந்து. செல்போனில் ஓடிய காணொளியின் கடைசிப் பகுதியில் ஒரு விளம்பரம் குறுக்கிட்டது. டாக்டர் அதைத் தள்ளிவிட்டார். கூடவே பத்து வினாடியும் சேர்ந்து போனது. அந்தப் பத்து வினாடியில் காணொளிக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். பிஸ்டனை உள்ளே தள்ளியதால் பேடுக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், வண்டியை அசைக்கும் முன் பெடலைப் பலமுறை மிதித்து அதை நிரப்புங்கள், இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

"பின்னால நின்னு சொல்லும்மா," என்றார் டாக்டர், காரில் ஏறி உட்கார்ந்து.

ஷெட்டிலிருந்து தெருவுக்குச் சரிவு. டீச்சர் சரிவின் அடியில் நின்று கையசைத்தார். "வாங்க. வாங்க. இன்னும் வாங்க. போதும்."

போதும் என்ற இடத்தில் டாக்டர் மிதித்தார். கால், தண்ணீரில் இறங்குவதுபோல் அடிவரை போனது. கார் நிற்கவில்லை.

"போதுங்க. போதும்னேன்ல."

கண்ணாடியில் மனைவியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்ததாக டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். அந்த நேரத்தில் ரோட்டர், டிஸ்க் எல்லாம் மறந்துபோயின. "தள்ளிப் போ" என்று கத்த நினைத்தாராம், அதற்குள் கால் மறுபடி மறுபடி பெடலை மிதித்ததாம். டீச்சர் கணக்கு டீச்சர் அல்லவா. காரின் வேகம், தன் தூரம் இரண்டையும் ஒரே பார்வையில் போட்டுப் பார்த்து, பக்கவாட்டில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். கார் அவரைக் கடந்து தெருவைக் கடந்து, நாலாவது மிதியில் உயிர்வந்த பிரேக்கோடு, எதிர்வீட்டு வேலிச்செடிக்குள் பின்பக்கத்தை நுழைத்துக்கொண்டு நின்றது.

மதில்மேலிருந்து ரயில்காரர் எட்டிப் பார்த்தார். "ஸ்டேஷனைத் தாண்டிட்டீங்க டாக்டரே."

டீச்சர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. காரை மெல்ல ஷெட்டுக்குக் கொண்டுபோன பிறகு, கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"வரும்போது கறகறன்னு ஒரு சத்தம் வந்துச்சே," என்றார்.

"புது ரோட்டர். பழகுற வரைக்கும் அப்படித்தான்."

"பழசு கீச்சுன்னுச்சு. புதுசு கறகறங்குது. இதுல எது முன்னேற்றம்?"

டீச்சர் அவர் கைகளைப் பார்த்தார். எத்தனையோ வாய்களுக்குள் நிதானமாக வேலை செய்த அந்தக் கைகள் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. அவற்றில் ஒன்றை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மெக்கானிக்கை வரச் சொல்றேன்," என்றார் டாக்டர்.

மறுநாள் காலை மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். நாலு சக்கரத்தையும் முக்கால் மணி நேரத்தில் கழற்றிப் பார்த்தார். மூன்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலாவதில் ஒரு பேடு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தேயவேண்டிய பக்கம் வெளியே, இரும்புப் பக்கம் தட்டின்மேல். துளை போட்ட புதுத் தட்டில் ஒரு நாளிலேயே கோடு விழுந்திருந்தது.

"இதை யார் சார் மாட்டினது?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "என் மச்சான்."

"என் தம்பியா?" என்றார் டீச்சர். "அவனுக்கு சைக்கிளுக்குக் காத்தடிக்கக்கூடத் தெரியாதே."

மெக்கானிக் நல்லவர், தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தவர் கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டதை டாக்டர் கவனித்துவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். வெளிச்சத்துக்கு ஷெட் வாசலில் நிறுத்தி எட்டிப் பார்த்தார். உடைந்த பல் ஒன்று, செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டப்பட்டு, ஈறு வீங்கிச் சிவந்திருந்தது.

"இதெல்லாம் நாமளே செய்ற வேலையா? எவ்வளவு ஆபத்து தெரியுமா? யார் இதை ஒட்டினது?"

மெக்கானிக் டாக்டரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கழற்றி வைத்திருந்த பேடையும் ஒரு முறை பார்த்தார்.

"என் மச்சான் சார்," என்றார்.

அன்று பதினொரு மணிக்கு மெக்கானிக் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தார். மூன்று நாள் கழித்துப் புதுத் தட்டு வந்தது, மெக்கானிக் மாட்டினார். டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நட்டை முறுக்கும்போது ஒரே ஒரு தடவை மட்டும், "இன்னும் கொஞ்சம் முறுக்கலாமோ" என்றார். டீச்சர் இப்போது அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போகிறார். சத்தமே இல்லாமல் நிற்கிறது.

நீங்கள் இந்த இனம் இல்லை என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்தச் சரிவில் கார் இறங்கியபோது டீச்சருக்காகப் பயந்தீர்களா? இல்லை, "ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கலாமே, நானாக இருந்தால் இழுத்திருப்பேன்" என்று நினைத்தீர்களா?

நினைத்திருந்தால், தயவுசெய்து அந்த ஸ்பானரைக் கீழே வையுங்கள்.