மூன்றாம் மாடியில் மொரீஷியஸ்

சூட்கேஸின் சக்கரம் சத்தம் போட்டுவிடக் கூடாதே என்று, சேஷன் அதை இடுப்புக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினார். பின்னால் ஜலஜா செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள். டெல்லி மயூர் விஹாரில் அன்று காலைப் பனி எதிர்க் கட்டடத்தையே விழுங்கியிருந்தது. வாசலில் குளிர்காய்ந்துகொண்டிருந்த காவலாளி தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் உள்தாழ்ப்பாள் போடப் போனவளின் கையைப் பிடித்தார்.

"போடாதே. கலியமூர்த்திகிட்ட சாவி இருக்கு. செடிக்குத் தண்ணி விட வருவான். கதவு திறக்கலேன்னா சந்தேகம் வந்துடும்."

"வந்தா சொல்லிட்டாப் போறது. ப்ளேனை விட்டுட்டோம்னு."

சேஷன் சூட்கேஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

விமானத்தை விடுவது யாருக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் சேஷன் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட்டில் பதினைந்தாம் தேதி, நள்ளிரவு கழிந்து நாற்பது நிமிடம் என்று போட்டிருந்தது. அவர் பதினைந்தாம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போனார். விமானம் முந்தின இரவே போய்விட்டிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் கீழ் வீட்டுக் கலியமூர்த்தி இதே தப்பைச் செய்து மாயவரம் போகும் ரயிலை விட்டான். குடியிருப்பின் பொங்கல் விழாவில் சேஷன் கரும்பலகை வரவழைத்து, நாள் என்பது எந்த நொடியில் மாறுகிறது என்று படம் போட்டு விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தான். அவன் மனைவி வள்ளியம்மை மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு வாரம்தானே," என்றார் சேஷன் கடைசியில். "உள்ளேயே இருந்துட்டு, திரும்பி வர நாள்லே திரும்பி வந்துடுவோம்."

"எங்கேருந்து?"

"மொரீஷியஸ்லேருந்து."

பால் நிறுத்தியாகிவிட்டது. காய்கறி இல்லை. விளக்கு போடக் கூடாது, நடந்தால் நேர் கீழே கலியமூர்த்தி வீட்டில் கேட்கும், ஹீட்டர் போட்டால் மீட்டர் ஓடும். இருவரும் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு ஒரே ரஜாய்ப் போர்வைக்குள் உட்கார்ந்தார்கள்.

பத்து மணிக்கு வாசலில் சாவி திரும்பியது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கலியமூர்த்தி செடிகளுக்குத் தண்ணீர் விட்டான். பிறகு சோபாவில் உட்காரும் சத்தம். போனில் மனைவியிடம் பேசினான். அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் உரத்த குரல்.

"வள்ளி, இங்க ரொம்ப அமைதியா இருக்கு. இங்கயே உக்காந்து டிபன் சாப்பிட்டுக்கறேன். மிச்சத்தை சார் வீட்டு ஃப்ரிட்ஜ்லயே வச்சிட்டு வரேன், அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் போனதும் சேஷன் பொருமினார். "செடிக்குத் தண்ணி விடச் சொன்னா, என் சோபாவிலே குடித்தனம் பண்றான் பார்."

ஜலஜா அதற்குள் ஃப்ரிட்ஜைத் திறந்திருந்தாள். பாத்திரத்தில் இட்லி இருந்தது. பூண்டுச் சட்னியை மட்டும் தொடாமல், ஆளுக்கு இரண்டு எடுத்தார்கள்.

"கண்டுபிடிச்சுடுவாரே?"

"இட்லியை எண்ணத் தெரிஞ்சிருந்தா ரயிலை விட்டிருப்பானா?"

மறுநாள் இட்லி அதிகமாக இருந்தது. சட்னியில் பூண்டு இல்லை.

"பயலுக்கு வயிறு சரியில்லை போலிருக்கு," என்றார் சேஷன்.

ஜலஜா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

போய்ச் சேர்ந்த தகவல் சொல்லாவிட்டால் நன்றாக இராதே என்று, சேஷன் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் எழுதினார். மூன்று மாதமாக அந்தத் தீவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தார். அதனால் எழுதுவது கஷ்டமாக இல்லை. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதை எழுதினார். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை என்பதை எழுதினார். பருப்பை அரைத்து உள்ளே வைத்துச் சுடும் தெருக்கடைப் பூரியைப் பற்றி எழுதும்போது அவருக்கே பசித்தது. இங்கே வெயில் தாங்கவில்லை என்று கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினார்.

உடனே கேட்டார்கள்: போட்டோ எங்கே?

சேஷன் விழித்தார். அவர் விரல் திரையைத் தொடுமுன் கலியமூர்த்தியின் செய்தி வந்து விழுந்தது. "சார் படம் எடுக்கறவர் இல்லைங்க. பாக்கறவர்."

"பாரு, அவனுக்குக்கூட என்னைத் தெரிஞ்சிருக்கு," என்றார் சேஷன் திருப்தியுடன்.

மூன்றாம் நாள் குடியிருப்புச் செயலாளர் ப்ரசன்னாவின் குரல் செய்தி வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, டெல்லியிலேயே பிறந்த பையன். "அங்கிள், ஹோட்டல் நேம் சொல்லுங்கோ. என் ஃப்ரெண்ட் போர்ட் லூயிஸ்லதான் இருக்கான். ஜல்தி சொல்லுங்கோ, நாளைக்கே வந்து உங்களை டின்னருக்குக் கூட்டிண்டு போவான்."

சேஷன் யோசித்தார். தெற்குக் கரையில் ஒரு மீனவக் கிராமத்துக்குப் போகிறோம், அங்கே சிக்னல் கிடைக்காது என்று எழுதினார். இதுவே கடைசிச் செய்தி என்பதால் கொஞ்சம் பெரிதாகவே எழுதிவிட்டுப் போனை அணைத்தார்.

அன்று பிற்பகல் கலியமூர்த்தி மறுபடி வந்தான். சோபாவில் உட்கார்ந்து அந்தச் செய்தியை எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தான்.

"கடல் இங்கே கரைக்கு வருவதில்லை. தூரத்துப் பவளப் பாறையிலேயே அலை உடைந்துவிடுகிறது. கரை வரை வந்து சேர்வது அதன் மௌனம் மட்டும்தான்."

மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

கதவுக்குப் பின்னால் சேஷன் அசையாமல் நின்றார். சர்வீஸ் முழுவதும் அவர் எழுதியதைப் பயணிகள் ஓட்டமும் நடையுமாகத்தான் படித்திருக்கிறார்கள். நின்று, இரண்டாவது தடவை படித்தவன் இவன் ஒருவன். அந்தக் கரும்பலகை ஞாபகம் வந்தது. நடுவில் தான் இழுத்த சாக்பீஸ் கோடும் ஞாபகம் வந்தது. ஜலஜாவின் கை இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கை சில்லென்று இருந்தது. ஆனாலும் அவர்கள் இருவரும் இப்படி ஒன்றும் பேசாமல் ஒரு பிற்பகலைக் கழித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

ஐந்தாம் நாள் மொரீஷியஸை நோக்கிப் புயல் கிளம்பியது.

அதுவும் தெற்குக் கரைப் பக்கம். ரஜாய்க்குள் போனை ஒரு நிமிஷம் திறந்து பார்த்த சேஷனுக்கு வியர்த்தது. குழுவில் எல்லோரும் கவலையில் இருந்தார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள் பிரார்த்தனை செய்திருந்தார்கள். மந்திர் கமிட்டி அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் கேட்டிருந்தது. ப்ரசன்னா தூதரகத்துக்குப் போன் செய்து, தேட ஆள் அனுப்பச் சொல்லப் போவதாக எழுதியிருந்தான்.

"சொல்லிடுங்கோன்னா," என்றாள் ஜலஜா. "ஒரு நாட்டு போலீஸே இல்லாத மனுஷாளைத் தேடப் போறது."

"கிராமத்துலே சிக்னல் இல்லேன்னு சொல்லியாச்சே. இப்போ எப்படி எழுதறது?"

அப்போது சாவி திரும்பியது. கூடத்திலிருந்து கலியமூர்த்தியின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ப்ரசன்னா தம்பி, எங்கயும் போன் போட வேணாம். சேஷன் சாரும் மாமியும் பத்திரமா இருக்காங்க. எனக்கு நல்லாத் தெரியும்... ஆமா, இப்பத்தான். காத்து மழையெல்லாம் அந்தப் பக்கம் இல்லையாம். குளிர்தான் கொஞ்சம்... இல்ல தம்பி, ராத்திரில குளிரும்ல, அதச் சொன்னேன்."

அவன் போனதும் சேஷன் கொதித்தார். "எப்படிப் புளுகறான் பாத்தியா? என்னோட பேசினானாம். கூசாம பொய் சொல்றான்."

ஜலஜா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அன்று வெண்பொங்கலும் கொத்சுவும் இருந்தன. பக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க்கில் சூடாகக் காபி.

"ஃப்ளாஸ்க்கை எதுக்கு ஃப்ரிட்ஜ்லே வச்சிருக்கான், முட்டாள்," என்றார் சேஷன், முதல் வாய் குடித்துக்கொண்டே.

திரும்பும் நாள் அதிகாலையில், வந்தது போலவே பனிக்குள் இறங்கிப்போய், மெட்ரோ நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வாசலில் ப்ரசன்னா நின்றிருந்தான்.

"அங்கிள், உங்க மெசேஜ் பாத்துட்டு பதினோரு ஃபேமிலி மே மாசம் மொரீஷியஸ் போறோம். நீங்கதான் லீடர். எல்லா இடமும் உங்களுக்குத் தெரியுமே."

சேஷன் சிரித்து வைத்தார். போகாத பயணத்தின் களைப்பு முதல் தடவையாக உண்மையிலேயே தெரிந்தது. மாடி ஏறும்போது இரண்டாம் மாடியில் கலியமூர்த்தி கதவைத் திறந்துகொண்டு வந்து சாவியை நீட்டினான். அவனுக்குப் பின்னால் வள்ளியம்மை ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி நின்றாள்.

"செடியெல்லாம் நல்லா இருக்கு சார்."

சாவியை வாங்கிக்கொண்ட சேஷன் நகரவில்லை. எதையோ தேடி, கடைசியில் கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்.

"கலியமூர்த்தி, போன வருஷம் அந்த ரயில் விஷயம்... போர்டுலே எழுதிக் காட்டினது... அது நான் செஞ்சிருக்கக் கூடாது."

"அட, அதெல்லாம் எதுக்கு சார் இப்போ."

வள்ளியம்மை ஜலஜாவின் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ரெண்டு நாள் மொரீஷியஸ்லயே இருந்திருக்கலாமே மாமி. நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஆப்பம் குடுத்தனுப்பலாம்னு மாவு அரைச்சு வச்சிட்டேன்."