முன்னறைத் தூதரகம்

தன் வீட்டைத் தானே விற்றுவிட்டு, அதே வீட்டின் முன்னறையில் தூதரகம் நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் மாரண்டஹள்ளியில், என் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருந்தார். எந்த நாட்டுத் தூதரகம் என்று கேட்காதீர்கள். அந்த விவரம் அவருக்கே வந்து சேரவில்லை.

ஊரில் அவருக்கு அம்பாசடர் என்று பெயர். முப்பதைத் தாண்டிய ஒற்றை ஆள். அப்பா அம்மா இல்லை. டெல்லிப் பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதி, கடைசி வாய்ப்பில் தேறி, வெளியுறவுப் பணி என்று முடிவாகியிருந்தது. வேலையில் சேரச் சொல்லும் உத்தரவுதான் பாக்கி. அதற்கு முன் போலீஸ் விசாரணை ஒன்று உண்டு. சொன்ன விலாசத்தில் ஆள் இருக்கிறாரா, அக்கம்பக்கத்தில் நல்ல பெயரா என்று பார்த்து எழுதுவார்கள். அது சரியாகப் போனால்தான் வேலை.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். அரசாங்கம் ஒரு மனிதனை நம்ப எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. வீட்டை விற்கக் கிளம்பிவிட்டார்.

“ஓசூர் அக்கா பங்கு கேக்குதுங்க சார். நானும் மூணு வருசத்துக்கு ஒரு நாடு மாறப்போறவன். எனக்கு எதுக்குங்க வூடு?”

“விசாரணை முடியட்டும்பா. விலாசத்த வித்துட்டு நிக்காத.”

“உங்க கவலையப் பதிவு பண்ணிக்கிறேங்க சார்.”

இதுதான் அவர் பேச்சு. ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களையும் பரீட்சை முடிவு வந்த அன்றே கைவிட்டிருந்தார். டீயில் சர்க்கரை போடலாமா என்று கடைக்காரர் கேட்டால், “கொள்கையளவுல எதிர்ப்பு இல்லைங்க” என்பார்.

வீடு பார்க்கப் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். கடைசி விலை என்ன என்று கேட்டார். “விலை அப்புறங்க. மொதல்ல நல்லெண்ணத்த வளத்துக்குவோம்” என்று சொல்லி அம்பாசடர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையை விடாமல், என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். வந்தவர் கையை உருவிக்கொண்டு மனைவியிடம், “வூடு நல்ல வூடுதான், வா போலாம்” என்றார். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

கடைசியில் மாட்டியவர் ஒரு தக்காளி மண்டிக்காரர். விடிவதற்கு முன்பே ஏலத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவர் என்பதால், மிச்ச நேரத்தில் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டுவார். கிரயம் முடிந்தது. நான்தான் சாட்சிக் கையெழுத்து. விலாசம் உயிரோடு இருக்க வேண்டுமே என்று, உத்தரவு வரும்வரை விற்றவர் முன்னறையில் தங்கிக்கொள்ளலாம் என்று பேசிவைத்ததும் நான்தான். இப்படிச் செய்யாதீர்கள் என்று சர்வீஸ் முழுக்க ஊருக்கு உபதேசம் செய்தவன்.

மண்டிக்காரர் குடும்பம் குடிவந்த மறுநாளே முன்னறைக் கதவில் ‘அனுமதியின்றி நுழையாதீர்’ என்று அட்டை தொங்கியது. தூதரகத்துக்குள் உள்ளூர் அரசாங்கமே கேட்காமல் கால் வைக்கக்கூடாது என்பது சர்வதேசச் சட்டமாம். சட்டம் சரிதான். ஆனால் மொத்த வீட்டுக்குமான ஃப்யூஸ் கட்டை அந்த அறைச் சுவரில் இருந்தது.

ஒருநாள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃப்யூஸ் போய்விட்டது. மண்டிக்காரரின் மனைவி வந்து கதவைத் தட்டினார்.

“தம்பி, தெறங்க. மாவு பாதியில நிக்குது.”

“எந்த நோக்கத்துக்காக வர்றீங்கக்கா?”

“ஃப்யூசு போடத்தான். பின்ன என்னா, பொண்ணு பாக்கவா வர்றேன்?”

“ஒரு அரை மணி முன்னால தகவல் சொல்லியிருந்தீங்கன்னா...”

“கரண்டு போகப் போவுதுன்னு எனக்கு எப்படிய்யா முன்னாலயே தெரியும்?”

அம்பாசடர் யோசித்தார். நியாயம் அந்தத் தரப்பில் இருந்ததால் கதவைத் திறந்தார். ஆனால் வந்தவரை உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, மழை பற்றிக் கொஞ்சம் பேசிய பிறகுதான் ஃப்யூஸ் கட்டையைத் தொடவிட்டார்.

மாதங்கள் போயின. விசாரணைக்கு யாரும் வரவில்லை. அம்பாசடர் பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் அலைந்தார். கோப்பு அடுத்த மேசைக்குப் போய்விட்டது என்று ஒவ்வொரு மேசையிலும் சொன்னார்கள். நகர்வதும் முடிவதும் வேறு வேறு என்று நான் விளக்கினேன். அதனால் அவருக்கு ஆறுதல் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. ஆள் இளைத்துக்கொண்டே போனார்.

மண்டிக்காரர் தலையாட்டுவதை நிறுத்தினார். ஒரு மதியம் என்னிடம் வந்தார்.

“சார், சொந்த வூட்டுக்குள்ள நான் சந்து வழியாப் போய்ட்டு வர்றேன். பொண்ணப் பாக்க மாப்ள வூட்டுல வர்றாங்க. எங்க ஒக்கார வெக்கறது? இந்த வாரத்தோட அவரக் கெளம்பச் சொல்லிடுங்க.”

சொன்னேன். என் கவலையை அம்பாசடர் பதிவு செய்துகொள்ளவில்லை.

“எங்கங்க சார் போறது?” என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நேரான கேள்வி அது. 

அந்த வாரமே போலீஸ்காரர் வந்தார். பைக்கை நிறுத்தியதும் வாசலில் நின்ற மண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டார். நான் தெருவைக் கடப்பதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

“வெளிநாட்டு வேலைக்குப் போறாராமே, அவரு இங்கதான் இருக்காரா?”

“இங்கதாங்க.”

“வூடு யாருது?”

முன்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதன் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. உண்மையைச் சொன்னால் கோப்பு திரும்பிப் போகும். புது விலாசம் கேட்கும். புது விலாசம் என்று ஒன்று கிடையாது.

மண்டிக்காரர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அவரு வூடுதாங்க. நாங்க பின்னால குடியிருக்கறோம்.”

“ஆளு எப்படி?”

“தங்கமான புள்ளைங்க. வூட்டுக்காரருங்கற நெனப்பே கெடையாது.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “கதவத் தட்டுனா டீ குடுக்கும்ங்க.”

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். “அப்படிங்களா சார்?”

ஒரு கிரயம் பதிவாகிவிட்டால் அது உலகத்துக்கே தெரிந்ததாகக் கருத வேண்டும் என்பது சட்டம். அந்த உலகத்தில் நானும் ஒருவன்.

“நல்ல பையன்தாங்க” என்றேன். கேட்ட கேள்வியை விட்டுவிட்டுப் பதில் சொல்லும் கலை அதற்குள் எங்கள் தெரு முழுவதும் பரவியிருந்தது.

பைக் போனதும் அம்பாசடர் வெளியே வந்தார். மண்டிக்காரரின் கையைப் பிடித்தார். இரு தரப்பு உறவு பற்றிச் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார். போட்டோவும் எடுக்கச் சொல்லவில்லை.

“சரி சரி, சாப்ட வாங்க” என்றார் மண்டிக்காரர்.

மாப்பிள்ளை வீட்டாரை என் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தோம். வரவேற்புப் பொறுப்பு அம்பாசடருக்கு. அவர்கள் எதற்கு வந்தோம் என்பதையே மறக்கும் அளவுக்கு வரவேற்றார். சம்பந்தம் கூடியது.

பிறகு ஒருநாள் உத்தரவும் வந்தது. கிளம்பும்போது அம்பாசடர் முன்னறைச் சாவியை நீட்டினார். மண்டிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“லீவுல வந்தா எங்கய்யா தங்குவீங்க? வெச்சுக்குங்க.”

அம்பாசடர் இப்போது வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு நாட்டில் இருக்கிறார். சாவி அவரிடம்தான் இருக்கிறது. விற்றவர் கையில் சாவி இருப்பது முறையே இல்லை. திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அதை நேரில் சொல்வதுதான் மரியாதை என்பதால், அவர் லீவில் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.