படுக்கையறையில் ஒரு மலை

"இந்தப் புத்தாண்டிலும் கடைசி ஓட்டம் என்னுடையதுதான்!"

நூடுல்ஸ் கடைக் கல்லாவைத் தட்டிச் சபதம் போட்டேன். கல்லா ஆடியது. என் மனைவி ஹருயோ ஆடவில்லை.

"முதல்ல மாடிப்படி ஏறுங்க, பார்ப்போம்."

நியாயமான பேச்சு. அதனால்தான் வலித்தது. இலையுதிர்காலத்தில் என் கெண்டைக்கால் தசை கிழிந்திருந்தது. ஜப்பானில் எங்கள் நாகானோ மலைப்பக்கத் தொடரோட்டத்தில், தோளில் குறுக்கே போட்ட துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். கடைசியாக அதை மாட்டிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தொடுகிறவனுக்கு ஊரில் தனி மரியாதை. என் நூடுல்ஸை ஒருத்தரும் பாராட்டியது கிடையாது. அந்தப் பட்டைக்காகத்தான் நாலு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவும் போனால் நான் வெறும் வெந்நீர்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரன் வழி சொன்னான். மலை உச்சிபோலக் காற்று மெலிந்த ஒரு கூடாரம். உள்ளே தூங்கினால் ரத்தம் ஊறுமாம். கூடவே அமினோ அமிலப் பொடி. கிழிந்த தசையை அது தைத்துவிடுமாம். இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"மலைக்காத்து வேணும்னா ஜன்னலைத் தொறந்தா முன்னாடியே நிக்குதே! மாடியில இன்னொரு மலை எதுக்குங்க?"

"விஞ்ஞானம்டி. உனக்குப் புரியாது."

"புரியவே வேணாம். ஆனா வாங்கினதை முடிக்கணும். பொடி டப்பா குறையலேன்னா, பக்கத்து வீட்டு ஒகாவராகிட்ட சொல்லி அணியில இருந்து உங்க பேரை எடுத்திருவேன்."

மீன்கடை ஒகாவராதான் எங்கள் அணித்தலைவர். அவள் சொன்னால் எடுத்தேவிடுவார்.

கூடாரத்துக்குள் நுழைந்தேன். மாமியார் வீட்டில் மூன்றாம் தடவை சோறு கேட்ட மாதிரி, காற்று யோசித்து யோசித்து வந்தது. தலையணைக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, கீழே மாவு மூட்டைகளுக்கு நடுவே போய்ப் படுத்தேன். அன்றிலிருந்து அதுதான் என் படுக்கை. பொடியோ, பாகற்காயே அழுதுவிடும் கசப்பு. எனக்கு ஒரு யோசனை பிறந்தது. தினமும் ஹருயோ குடிக்கிற, சோயா விழுது கரைத்த மீசோ சூப்பில் ஒரு கரண்டி கலக்கினேன். மடக் மடக்கென்று குடித்தாள். என் சிரிப்பை நூடுல்ஸோடு சேர்த்து விழுங்கினேன்.

டப்பா குறைந்துகொண்டே வந்தது. கால் மட்டும் அப்படியே இருந்தது.

அணித் தேர்வன்று, கோயில் ஏற்றத்தில் எங்களை ஓடவிட்டார் ஒகாவரா. பாதியிலேயே ஒரு கல்விளக்கைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டி ஒரு சமையல் ஏப்ரன் பறந்தது.

"ஹருயோ! நீ எப்படிடி?"

"இத்தனை வருஷம் துண்டும் தண்ணியுமா ரோட்டோரம் நின்னது போதுங்க. இப்பல்லாம் ஆர்டர் குடுக்கச் சைக்கிள் எடுக்கறதில்ல, ஓடித்தான் போறேன். நீங்க மாவு மூட்டைமேல கொறட்டை விடுறப்ப, மேல கூடாரம் சும்மாதானே கிடந்துச்சு? நான்தான் அதுல தூங்குறேன்."

ஒகாவரா இருமினார். "கடைசி ஓட்டம் அண்ணிக்கு. அண்ணே, அதுக்கு முந்தினது உங்களுக்கு. பழைய மரியாதைக்கு."

"பட்டையை என் கையாலதானே வாங்கணும்!" என்றேன் அவளிடம்.

"நேரத்துக்கு வந்து சேருங்க. வாங்கிக்கிறேன்."

அங்கேதான் இருந்தது வினை. முன்னால் போகிற அணியைவிட ரொம்பப் பின்தங்கிவிட்டால் எங்கள் ஓட்டத்தில் யாரும் காத்திருப்பதில்லை. வேறொரு வெள்ளைப் பட்டையை மாட்டி அடுத்தவரை அனுப்பிவிடுவார்கள்.

புத்தாண்டன்று தெருவெல்லாம் கொடி ஆட்டியது. என் கால் மட்டும் சண்டித்தனம் செய்தது. நொண்டி நொண்டிக் கடைசி வளைவைத் திரும்பினேன். ஹருயோ பட்டை மாற்றும் கோட்டில் நின்றாள். பட்டையைக் கழற்றி நீட்டினேன்.

ஓட்டத்தைக் கிளப்பும் துப்பாக்கியின் வெடிச்சத்தம். வெள்ளைப் பட்டையோடு அவள் கிளம்பிவிட்டாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

நீட்டிய கை நீட்டியபடி நின்றேன். வாங்குவதற்கு ஆளில்லை. பட்டையிலிருந்து வியர்வை சொட்டியது. ஒகாவரா ஒரு பிளாஸ்கை நீட்டினார்.

"அண்ணி குடுக்கச் சொன்னாங்க. சூடான மீசோ சூப். 'தெனமும் அவர் எனக்குக் கலந்த மாதிரியே கலந்திருக்கேன்'னு சொல்லச் சொன்னாங்க. என்னண்ணே அது?"

ஒரு வாய் குடித்தேன். கசந்தது.