அத்தைக்கு நான் போட்ட விளம்பரம்

மாமியாரை வாயாலேயே சாகடிக்கும் மருமகள்கள் ஊருக்கு ஊர் உண்டு. பணம் கட்டி, போட்டோ கொடுத்து, வெளிநாட்டுப் பத்திரிகையில் சாகடித்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

என் மாமியார் பிறந்தது சைகோனில். அப்பா பாண்டிச்சேரிக்காரர், அம்மா வியட்நாம்காரி. சிறுமியாக இருந்தபோதே அப்பாவோடு இங்கே வந்துவிட்டார். தங்கை லான் அம்மாவோடு அங்கேயே தங்கிவிட்டாள். பிறகு போர். அவள் எந்த நாட்டில் இருக்கிறாள், இருக்கிறாளா என்பதே தெரியவில்லை. முதலியார்பேட்டையில் எங்களுக்கு மீன் குழம்பு வைத்துக்கொண்டே அத்தை அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிரான்சிலிருக்கும் உறவினர் ஒருவர் மாதாமாதம் வியட்நாமிய மொழிப் பத்திரிகை ஒன்றைத் தபாலில் அனுப்புவார். அத்தை அதை அட்டை முதல் அட்டை வரை படிப்பார். கண்ணில் புரை விழுந்ததும் அது நின்றது.

"அதுல ஆள் தேடுறதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கும்மா. லானுக்கு ஒரு விளம்பரம் போடணும். கண்ணு ஆபரேஷன் ஆவட்டும், நானே எழுதறேன்" என்பார்.

பொறுத்திருக்கலாம். நான்தான் முந்திரிக்கொட்டை ஆயிற்றே! அத்தைக்குத் தெரியாமல் பத்திரிகையைப் புரட்டினேன். ஆங்கில எழுத்துதான், ஆனால் தலையில் கொம்பு, காலில் புள்ளி. ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. இன்னொரு பக்கத்தில் போட்டோ, கட்டம், சுற்றிலும் பூ, மேலே சிலுவை. நாங்களும் வேதக்காரக் குடும்பம், சிலுவை நல்லதுதானே! (எங்க ஊர்ல காதுகுத்துக்கே இதவிடப் பெரிய பூவா போட்டு பேனர் வெப்பாங்க.) அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, "இதே மாதிரி, இன்னும் பெரியதாக" என்று ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினேன். கூடவே அத்தையின் போட்டோ, பெயர், பெற்றோர் பெயர், தங்கை லான் அழைக்க வேண்டிய நம்பர்.

தாங்களும் வருந்துவதாகப் பதில் வந்தது. அக்கா தங்கை பிரிந்ததற்கு இப்படி உருகுகிறார்களே, என்ன நல்ல மனசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. யாரோ ஒரு அம்மாள் புரியாத மொழியில் கதறினாள். அத்தையிடம் கொடுத்தேன். அவர் இரண்டு வார்த்தை பேசினார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"லான்தான்ம்மா! நான் செத்துட்டேன்னு பத்திரிகையில பாத்துட்டு அழுவுறா. நான்தான்டி பேசறேன்னா நம்ப மாட்டேங்கிறா. ஆமா, விளம்பரம் நீதான் போட்டியா? எந்தப் பக்கத்துல போட்ட?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

சின்ன வயதில் லான் தன் புதுச் செருப்பைக் கால்வாயில் விட்டுவிட்டு நாய் மேல் பழி போட்டதை அத்தை எடுத்துச் சொன்ன பிறகுதான் தங்கை நம்பினாள். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். ஆள் தேடும் பக்கத்தைப் படிப்பதை லான் எப்போதோ விட்டுவிட்டாளாம். இப்போதெல்லாம் சாவுப் பக்கம் மட்டும்தானாம். நான் சரியாகப் போட்டிருந்தால் அவள் பார்த்தே இருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போன். கிறிஸ்துமஸுக்கு பிரான்சிலிருந்து வருவதாகச் சொன்னாள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திடீரென்று போன் நின்றது. பிறகு அந்த மாதப் பத்திரிகை வந்தது. கட்டம், பூ, சிலுவை, நடுவில் லானின் பெயர். இந்த முறை புரிந்துகொள்ள எனக்கு அந்த மொழி தேவைப்படவில்லை.

அத்தை நெடுநேரம் பார்த்தார். "இதுவும் உன்ன மாதிரி எவளோ ஒருத்தி தப்பாப் போட்டுட்டா. போனப் போடு" என்றார்.

யாரும் எடுக்கவில்லை.

இன்றும் தெருவில் எந்தக் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தாலும் என் கணவர், "இது நீ போட்டதா?" என்பார். வீடே சிரிக்கும், அத்தையும் சிரிப்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால், "எதுக்கும் ஒரு தடவ போட்டுப் பாரும்மா" என்பார். போட்டுக் கொடுப்பேன். பதிவு செய்த குரல் ஒன்று பிரெஞ்சில் ஏதோ சொல்லும். அத்தைக்கு பிரெஞ்சு நன்றாகத் தெரியும், எனக்குத் தெரியாது.

"என்ன அத்தை சொல்றாங்க?"

"லைன் பிஸியாம்."

"சரி அத்தை, அடுத்த வாரம் போடலாம்" என்பேன்.