விழாமல் இருப்பது எப்படி? – ஒரு செயல்முறை விளக்கம்

ஊருக்குப் பாதுகாப்புச் சொல்லிக்கொடுப்பவனைப் போல் ஆபத்தில் இருப்பவன் வேறு யாரும் கிடையாது. அவன் கண் எப்போதும் அடுத்தவர் காலடியிலேயே இருக்கும். தன் காலடியைப் பார்க்க அவனுக்கு நேரம் ஏது? இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஈரத்தரையில் மல்லாந்து கிடந்தபோது தெரிந்துகொண்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் ஒரு முதியோர் குடியிருப்பில் அதே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தென்னந்தோப்புக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாப்பாட்டுக்கூடம். மில்லில் எந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை எனக்கு. இங்கேயும் அதே குரலில்தான் 'குட்மார்னிங்' சொல்வேன். காதுக் கருவி வைத்திருந்தவர்கள் என்னைக் கண்டதும் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்கள். (மரியாதை என்று நினைத்திருந்தேன்.)

நான் மல்லாந்து விழுந்த அந்த வாரக் கடைசியில் எனக்கும் கனிமொழி என்ற பெண்ணுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிச்சயதார்த்தம். அவளுடைய பெரியப்பா ராமசுப்பு, மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் குடியிருப்பில்தான் இருந்தார். அவர் கண்முன்னால் ஒரு நல்ல பேர் வாங்கிவிட்டால் அது தானாகப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டேன். உடனே ஒரு வகுப்புக்கு ஏற்பாடு செய்தேன். தலைப்பு, 'விழாமல் இருப்பது எப்படி'.

இடம், சாப்பாட்டுக்கூடத்தின் ஓரத்தில் கை கழுவும் பகுதி. அங்கே சுவரில் கெட்டியான பிடிமானக் கம்பி ஒன்று, துண்டு போடும் மெல்லிய கம்பி ஒன்று, ஆபத்துக்கு இழுக்கும் மணிக்கயிறு ஒன்று. கயிறு தரைவரை தொங்கினால்தான் விழுந்தவர் கைக்கு எட்டும் என்று சண்டை போட்டு மாட்ட வைத்தவன் நான். விளக்கத்துக்காக மணி அடிப்பேன், யாரும் ஓடி வர வேண்டாம் என்று அலுவலகத்திலும் வாட்ச்மேனிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். பிறகு, பார்ப்பவர்களுக்கு நிஜம் போலத் தெரியட்டும் என்று தரையில் சோப்புத் தண்ணீரையும் ஊற்றினேன். காலில் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய புது ஷூ. (அதையும் பெரியப்பா பார்க்கட்டும் என்றுதான்.)

பெரியப்பா வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பாக்கியம் டீச்சர். நான் நன்றாகவே பேசினேன். விழுந்தவரைப் பதற்றத்தில் பிடித்துத் தூக்கக் கூடாது, பயிற்சி பெற்றவர் வரும்வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றேன். கால் வழுக்கினால் கை தானாகத் துண்டுக் கம்பிக்குத்தான் போகும், அது துண்டைத்தான் தாங்கும், ஆளைத் தாங்காது என்றேன். சொல்லிக்கொண்டே ஒரு எட்டு பின்னால் வைத்தேன்.

கால் வழுக்கியது. கை தானாகத் துண்டுக் கம்பிக்குத்தான் போனது. கம்பி சுவரை விட்டு என்னோடு வந்துவிட்டது.

கூடமே கைதட்டியது.

"விழுறதக்கூட எம்புட்டு நேர்த்தியா விழுதாரு பாத்தியளா, எங்க மாப்ள" என்று பெரியப்பா பக்கத்தில் இருப்பவர்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். நான் அம்மாவைக் கூப்பிட்டு அலறினேன். நடிப்பு நல்லாத்தான் இருக்கு, சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிடலாம் என்றார் பாக்கியம் டீச்சர். நிஜமாகவே விழுந்துவிட்டேன் என்று கதறினேன். அதற்கும் தட்டினார்கள். மணிக்கயிறு கைக்கு எட்டியது. இழுத்தேன். மணி தோப்பு முழுக்கக் கேட்டது. வாசலில் இருந்த வாட்ச்மேன், புரிந்தது சார் என்கிற மாதிரி கையை மட்டும் ஆட்டினார்.

என் முகம் வெளிறுவதை முதலில் கவனித்தவர் டீச்சர்தான். ஈரத்தில் கால் வைக்காமல் பிடிமானக் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரி, இது நடிப்பு இல்ல. கணுக்காலு வீங்கிட்டு வருது."

பெரியப்பா பதறிப்போய், வாக்கரைக் கூட எடுக்காமல் என்னைத் தூக்க எழுந்தார். டீச்சர் கையை நீட்டி மறித்தார்.

"தூக்கக் கூடாது. பயிற்சி உள்ள ஆளு வார வரைக்கும் அசைக்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னாரு."

"சரி, அந்தப் பயிற்சி உள்ள ஆளு யாரு?"

"இவருதான்."

எல்லோரும் குனிந்து என்னையே பார்த்தார்கள்.

டீச்சர் செல்போனில் அலுவலகத்தைக் கூப்பிட்டார். "தெரியும் டீச்சர், டெமோதான" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கடைசியில் பெரியப்பாவே வாட்ச்மேனைக் கூட்டிவர வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். தரை காய்ந்த பக்கமாகப் பார்த்துப் போங்க என்று நான் படுத்தபடியே எச்சரித்தேன். (வேலை என்று வந்துவிட்டால் நான் அப்படித்தான்.) அதற்குள் ஒருவர் தலையணை கொண்டுவந்தார், ஒருவர் போர்வை கொண்டுவந்தார். யாரோ விசிறிவிட்டார்கள். வலியைவிட அந்த உபசாரம்தான் அதிகமாக அழ வைத்தது.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. ராஜபாளையத்தில் கட்டுப் போட்ட டாக்டர், என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். நர்ஸ் அவசரமாக வெளியே போய்விட்டார்.

நிச்சயதார்த்தத்தில் மாவுக்கட்டுக் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேர் வாங்கவேண்டும் என்று நினைத்தேன் இல்லையா, மண்டபம் முழுக்க என் பேச்சுத்தான். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பெண் சொல்லிவிடுவாளோ என்று கவலைப்பட்டேன். கனிமொழி கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும் என்று வந்தாள்.

"நெசமாவே துண்டுக் கம்பியவா பிடிச்சீக?"

ஆமாம் என்றேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மாப்பிள்ளை ரொம்பக் கண்டிப்பான ஆள், ஓயாமல் சத்தம் போடுவார் என்று கேள்விப்பட்டு அதுவரை பயந்துகொண்டிருந்தாளாம். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று பிறகு சொன்னாள்.

நானும் ஒரு வாக்கரோடுதான் வேலைக்குத் திரும்பினேன். குடியிருப்பில் அதற்குப் பிறகு ஒருவரும் துண்டுக் கம்பியைத் தொட்டதில்லை. "நீங்க பேசுனதுல ஒண்ணுகூட ஞாபகம் இல்ல மாப்ள. விழுந்ததுதான் கண்ணுக்குள்ளயே நிக்கி" என்றார் பெரியப்பா.

போன மாதம் பள்ளிக்கூடத்தில், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகளிடம், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். "பெரியவங்க முன்னாடி விழுவாரு" என்று சொல்லியிருக்கிறாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பணிவான மனிதரா என்று நெகிழ்ந்துபோய், தாத்தா பாட்டி தின விழாவுக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறார்கள்.

போகலாமா என்று கனிமொழியிடம் கேட்டேன்.

"போங்க. போயி கும்புட மட்டும் செய்யுங்க" என்றாள்.