வெயில் படாத முகம்

டாட்டூ குத்திக்கொள்கிறவர்கள் ஓர் இனம். அவர்களை விட்டுவிடுவோம். குத்திக்கொண்ட டாட்டூவை வெயிலிடமிருந்து காப்பாற்றுகிறவர்கள் வேறோர் இனம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவர்களைத்தான்.

இவர் பேருந்தில் ஏறியதும் இடம் இருக்கிறதா என்று பார்க்கமாட்டார். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். உலகமே பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குத்திக்கொண்ட படத்தை, ஒருத்தர் கண்ணிலும் படாமல் முழங்கைவரை துணியுறை மாட்டி மறைத்திருப்பார். காட்டுங்களேன் என்று நீங்கள் வாய்தவறிக் கேட்டுவிட்டால், முதலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, உறையை மெல்ல மெல்ல உருட்டி இறக்கி, நீங்கள் ‘அட’ என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி ஏற்றிவிடுவார். தரிசனம் முடிந்தது. நகருங்கள்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு மாஸ்டர். இடது முன்கையில் மனைவியின் முகம். கல்யாணமான ஏழாவது வருஷம், அவளுக்குத் தெரியாமல் போய்க் குத்திக்கொண்டு வந்தார். பார்த்ததும் அவள் அழுதாள், சிரித்தாள், தன் மூக்கைவிடக் கையிலிருக்கும் மூக்கு எடுப்பாக இருப்பதாகச் சொன்னாள். அத்தோடு நின்றிருந்தால் எனக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் குத்திவிட்டவர் வாசல்வரை வந்து, புண் ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் தடவச் சொல்லி, வெயில் பட்டால் மை வெளுத்துவிடும் என்று ஒரு வார்த்தையையும் போட்டுவைத்தார். அன்றிலிருந்து மாஸ்டருக்கும் சூரியனுக்கும் ஜென்மப் பகை.

கற்றுக்கொடுக்கிறவர் உட்காருவது இடது பக்கம். ஜன்னலோரக் கைதான் மனைவி குடியிருக்கும் கை. காலையில் கார் வடக்கே போனால் அந்த ஜன்னலில் நிழல்; தெற்கே திரும்பினால் சுள்ளென்று வெயில். ஆகவே காலைப் பாடம் வடக்கு நோக்கி மட்டும். போன வண்டி வீடு வர வேண்டாமா? வந்தது. ரிவர்ஸில் வந்தது. வண்டியின் முகம் வடக்கேதான் இருக்கும், மனைவியின் முகம் நிழலில்தான் இருக்கும், கார் மட்டும் கடைத்தெரு, பள்ளிக்கூடம், தபால் நிலையம் எல்லாவற்றையும் முதுகாலேயே தாண்டி வந்து சேரும். ‘ரிவர்ஸ் மாஸ்டர்’ என்று ஊரில் பெயர். அவரிடம் படித்த ஒருவர் ஆபீசிலிருந்து வீடுவரை பின்னாலேயே ஓட்டிவந்து, வாசலில் இறங்கியபிறகுதான் அதைக் கவனித்தாராம்.

இனி மனைவி. அவள் டிராபிக் கான்ஸ்டபிள். காலை எட்டு மணிக்கு நாற்சந்தியின் நடுவில் போய் நின்றால், நிழல் என்பது அவளுக்குத் தன் காலடியில் கிடக்கும் ஒன்றுதான். ஒருநாள் கண்ணாடிமுன் நின்று மாஸ்டரின் சன்ஸ்கிரீன் மூடியைத் திருகினாள். மாஸ்டர் பதறிப்போனார்.

“அது டாட்டூவுக்குன்னு தனியா வாங்கினதும்மா. முகத்துல போட்டு வீணாக்கிடாத.”

சொன்னவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இந்த இனத்துக்குத் தெரியாது.

மூடியைத் திருகி வைத்தவள் வாயையும் மூடினாள். ஐந்து நாள் பேச்சில்லை. வீட்டுக்குள் எல்லாம் சைகைதான். உள்ளங்கை நிமிர்ந்தால் சமையலறை வாசலிலேயே நிற்க வேண்டும். கை பக்கவாட்டில் வீசினால் போய்ச் சாப்பிடலாம். ஆறாம் நாள் காலை மேசைமேல் ஒரு விண்ணப்பம் கிடந்தது. வெகுதூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றல் கேட்டு, முழுக்க நிரப்பி, கையெழுத்து மட்டும் பாக்கி. மாஸ்டர் அதை இரண்டுமுறை படித்தார். அவள் போய்விட்டால்? கையிலிருக்கும் மனைவிக்கு இன்னொரு பூச்சு சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அன்றைய மாணவி ஒரு பல் டாக்டர். பாடம் முடிந்து, ரிவர்ஸில், மிக நேர்த்தியாக, கார் நாற்சந்திக்குள் நுழைந்தது. விசில் ஒலித்தது. ஐந்து நாளில் மனைவியிடமிருந்து மாஸ்டர் கேட்ட முதல் சத்தம் அது. அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் வந்து ஜன்னலில் குனிந்தாள். கணவனைப் பார்க்கவில்லை. “ஏங்க டாக்டர், இப்படிப் பின்னாலயே வர்றீங்க?”

“முன்னால வந்தா உங்க முகத்துல வெயில் படும்னு சார் சொன்னாருங்க.”

“என் முகத்துல?”

பல் டாக்டர் மாஸ்டரின் உறை போட்ட கையைக் காட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டரும், வேறு வழியில்லாமல், அவளைப் பார்த்தார். தொப்பிக்குக் கீழே நெற்றியில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். மூக்கில் தோல் உரிந்து, பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தமாதிரி இருந்தது. எப்போதிலிருந்து இப்படி? அவருக்குத் தெரியவில்லை. கையிலிருக்கும் மூக்கைப் பற்றிக் கேளுங்கள், மணிவாரியாகச் சொல்வார்.

நாலு பக்கமும் ஹாரன். மாஸ்டர் சன்ஸ்கிரீனை எடுத்தார். உறையைக் கழற்றினார். ஜன்னலுக்கு வெளியே, சுட்டெரிக்கும் வெயிலில், கையை நீட்டினார்.

“போட்டுக்கம்மா.”

அவள் வாங்கினாள். அவசரமே இல்லாமல் மூக்கில் வைத்து, கன்னத்தில் இழுத்து, நெற்றியில் தேய்த்தாள். ஒரு லாரிக்காரர் கதவைத் திறந்துகொண்டு எழுந்து நின்று பார்த்தார்.

“அந்த விண்ணப்பம்...” என்று இழுத்தார் மாஸ்டர்.

“போட்டோ ஒட்டணுமாம். உங்க கையை வெட்டி ஒட்டலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்.” சன்ஸ்கிரீன் அவள் சட்டைப் பைக்குள் போயிற்று. “வண்டியைத் திருப்பி நேரா போங்க. கை வெளியிலயே இருக்கட்டும்.”

தெற்கே போனார்கள். மை வெளுத்தது, மாஸ்டர் முகமும்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் உடம்பில் ஒரு பொட்டு மை கிடையாது. நல்லது. கையிலிருக்கும் ஃபோனைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அதில் உங்கள் குழந்தையின் படம் இருக்கிறதல்லவா? அதன்மேல் ஒரு விரல்தடம் விழுந்தாலும் சட்டைநுனியால் துடைக்கிறீர்களே, அந்தச் சட்டையின் மறுநுனியை இவ்வளவு நேரமாக யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். குனிந்து பாருங்கள். மூக்கு ஒழுகுகிறது.