கிளைக்கும் கூரைக்கும் பத்தடி

"கூரைக்கும் கிளைக்கும் நடுவுல பத்தடி இருக்கணும்மா. உங்க பின்வராந்தாக் கூரை மேல அது தலை வச்சுப் படுத்திருக்கு. நாளைக்கு வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா வீட்டுக் காப்பீடு போச்சு."

சான் ஆர்த்தேகா நகரத்துத் தீத்தடுப்பு அதிகாரி கெல்லர் சொல்லிவிட்டுப் போனதும், தொமாசா ரம்பத்தோடு ஏணியில் ஏறினாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிழவர் விட்கம் கத்தினார்.

"ஏய், கைய வைக்காத! மரம் என் பக்கம். என் பக்கம் ஓக்வெல் நகரம். எங்க ஊர்ல ஓக் மரத்துல ஒரு குச்சி ஒடிக்கவும் அனுமதி வேணும். ஆறு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் காட்டுத்தீ காத்திருக்குமா, பெரியவரே?"

"அத தீகிட்ட கேளு! நான் எங்க ஊர் அதிகாரிய கூப்பிடுறேன்."

வெட்டத்தானே கூடாது? கயிறு போட்டுக் கிளையை அந்தப் பக்கமாக இழுத்து வேலியில் கட்டினாள். கிளை கொஞ்ச நேரம் பொறுத்தது. பிறகு வேலியையும் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தது. மரவேலி அவள் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றது. வீட்டிலிருந்து ஐந்தடிக்குள் ஒரு விறகுகூட இருக்கக் கூடாது என்பது சான் ஆர்த்தேகா சட்டம். ஒரு குற்றம் இரண்டாயிற்று.

"இப்ப என்ன பண்ணுவ?" விட்கமின் குரலில் கொஞ்சம் சந்தோஷம்.

"கிளைய வெட்டக் கூடாது. சரி. வீட்ட வெட்டலாமில்ல?"

தொமாசா கூரை போட்டே பிழைத்தவள். வேலியை நிமிர்த்தி நட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். ஓடு, சட்டம், தூண், தரைப்பலகை என்று வராந்தாவை உரித்துக்கொண்டே போனாள். ஓர் ஓடுகூட உடையவில்லை. அங்கேதான் அடுப்பு வைத்துத் தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை அவித்து விற்பாள். இனி எங்கே அவிப்பது என்பதை வீடு தப்பிய பிறகு யோசிக்கலாம். விட்கம் கோபத்தை மறந்து எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ராட்சசி," என்றார், மரியாதையோடு.

மறுநாள் கெல்லர் அளந்தார். பத்தடிக்கு மேல் ஒரு சாண் இருந்தது. "என் சர்வீசுல இப்படி ஒருத்தர பாத்ததில்ல," என்று கையெழுத்துப் போட்டார்.

விட்கம் கூப்பிட்ட ஓக்வெல் அதிகாரிப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். மரத்தைப் பார்த்தாள். உரித்த தரையில் தலைநீட்டிய எல்லைக்கல்லைக் குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவு நேர்த்தியா பிரிச்சிருக்கீங்க! ஆனா ஊர் எல்லை வேலியில இல்லம்மா, உங்க வீட்டுச் சுவரோரம். வராந்தா எங்க ஊர்ல இருந்துச்சு. எங்க ஊர்ல கிளை கூரைய கட்டிப்பிடிச்சுக்கிட்டே நிக்கலாம்."